குஞ்சுக்கு வெதுவெதுப்பு, பாம்புக்குத் தடை: வீட்டிலேயே செய்யலாம் புரூடர் பெட்டி

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஊர் பூலாம்பாடியில் பச்சைமலைப் பனி விடிய விடிய இறங்கும். இன்குபேட்டரில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுக்குத் தாயின் சிறகு கிடையாது. பல்புச் சூடுதான் தாய். ஆனால் மக்காச்சோளமும் வெங்காயப் பட்டறையும் இருக்கும் வீட்டுக்கு எலி வரும், எலி பின்னாலேயே பாம்பும் வரும். அதனால் பெட்டிக்குச் சூடு எவ்வளவு முக்கியமோ, காவலும் அவ்வளவு முக்கியம்.

1. 25 குஞ்சுக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரத்தில் பெட்டி போதும். அடியும் பக்கங்களும் பலகை; மேல்பக்கம் மட்டும் வலை. தச்சுப்பட்டறையில் மிஞ்சும் துண்டுப் பலகையே இதற்குப் போதும்.

2. வலைக்கண் கால் அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நாங்கள் முதலில் அடித்தது ஒரு அங்குலக் கோழிவலை. ஒரு விடியற்காலையில் பார்த்தால், இரண்டு குஞ்சை விழுங்கிய இளம் சாரை ஒன்று, வந்த கண் வழியே வெளியேற முடியாமல் வயிறு சிக்கித் தவித்துக்கொண்டிருந்தது. வலையை வெட்டித்தான் அதை விடுவிக்க முடிந்தது. பாம்பின் தலை நுழையும் இடத்தில் உடம்பும் நுழைந்துவிடும். நைலான் வலை வேண்டாம். பாம்பு அதில் சிக்கி அறுபட்டுச் சாகும்.

3. மூடிக்கு இரண்டு தாழ்ப்பாள் வையுங்கள். மூடியபின் விளிம்பில் சுண்டுவிரல் நுனி நுழைந்தால்கூட அங்கே சட்டம் அடித்து அடைத்துவிடுங்கள். ஒயர் வரும் துளையையும் மறக்காதீர்கள்.

4. எல்.இ.டி. சூடு தராது, குண்டு பல்புதான் வேண்டும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் கணக்கு. 60 வாட் ஒன்றைவிட 40 வாட் இரண்டு நல்லது. ஒன்று ஃப்யூஸ் போனாலும் மற்றது காக்கும். அடியில் பரப்பும் உமியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒயரில் அல்லாமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள். பல்பு அறுந்து உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

5. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் தேவை. பிறகு வாரம் 5 டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி.

6. குளிரில் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுத்திணறிச் சாகும். அட்டையை வளைத்து நான்கு மூலைகளையும் வட்டமாக்குங்கள்.

7. இரண்டு அங்குலத்துக்கு உமி பரப்பி, முதல் மூன்று நாள் மேலே செய்தித்தாள் விரியுங்கள். ஈரமான உமியை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

8. முதல் நாள் மக்காச்சோளக் குருணையைத் தாளில் தூவுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது. 7-ஆம் நாள், வெள்ளைக் கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள்.

9. கரண்ட் போனால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். மூடிய அறையில் கரிச்சட்டி வைக்காதீர்கள்; அதன் புகை ஆளையே கொல்லும்.

10. பெட்டியை இரண்டடி உயரக் கால்களில், சுவரை ஒட்டாமல் நிறுத்துங்கள். பக்கத்தில் விறகோ சோளக்கதிர்க் குவியலோ வேண்டாம். சிந்திய தீவனத்தைப் பொழுது சாயுமுன் கூட்டிவிடுங்கள்.

11. பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம். பிடித்து வளர்க்கவும் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

12. கட்டுவிரியன் நடமாடுவது இரவில்தான். ராத்திரி குஞ்சு கத்தினால் எவ்வளவு பதற்றமாக இருந்தாலும், முதலில் டார்ச் அடித்துப் பெட்டியைச் சுற்றிப் பாருங்கள். தாழ்ப்பாளில் கை வைப்பது அதன் பிறகுதான்.