வாக்கெடுப்பு முடிந்த பின் என்ன பார்க்க வேண்டும்?



பெரும்போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். எந்தத் திகதிக்குள் விதைப்பது, குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது என்று அங்கே முடிவு செய்வார்கள். கூட்டத்துக்குப் போகாதவருக்கும் அதே திகதிதான். "எனக்குத் தெரியாது" என்று சொல்வதால் தண்ணீர் காத்திருக்காது.

பாராளுமன்றமும் இப்படித்தான். அங்கே எடுக்கும் முடிவு புல்மோட்டையில் குடியிருப்பவரையும், ஊர் திரும்ப முடியாமல் உறவினர் வளவில் இருப்பவரையும் ஒன்றாகவே கட்டுப்படுத்தும். ஆகவே கூட்டத்தொடர் முடிந்ததும் மூன்று கேள்விகளை நாம் கேட்க வேண்டும். என்ன நிறைவேறியது? யார் எப்படி வாக்களித்தார்கள்? நாம் எந்தத் திகதிக்குள் என்ன செய்ய வேண்டும்? இதற்கு இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

திறந்து மூடிய கதவு

தனியாருக்கு உரிய காணியை இன்னொருவர் உரிமையாளருக்கு எதிராக, இடையூறின்றி 10 வருடம் ஆண்டு வந்தால், அந்த ஆட்சியைக் காட்டி அவர் உரிமை கோரலாம். இது நமது நாட்டின் பழைய சட்டம். அரச காணிக்கு இது பொருந்தாது. யுத்தத்தால் ஓடியவர் அந்த 10 வருடத்துக்குள் எப்படித் திரும்பி வந்து வழக்குப் போடுவார்? நமது அயலூரான தென்னமரவாடி மக்கள் 1984 இல் வெளியேறினார்கள். யுத்தம் முடிந்தது 2009 இல்.

இந்த அநியாயத்தைச் சரிசெய்ய 2016 ஏப்ரலில் ஒரு விசேட சட்டம் வந்தது. அது 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம். ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அந்த 10 வருடக் கணக்கில் சேராது என்று அது கூறியது. ஆனால் வழக்குத் தொடரக் கொடுத்த அவகாசம் இரண்டு வருடம் மட்டுமே.

அந்த இரண்டு வருடமும் கழிந்த பின்னர், காணி உறுதியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து "இனி என்ன செய்யலாம்?" என்று கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். சட்டம் அவர்களுக்காகத்தான் வந்தது. செய்திதான் அவர்களிடம் வந்து சேரவில்லை.

உள்ளே போனது ஒன்று, வெளியே வந்தது வேறொன்று

இரண்டாவது உதாரணம் மாகாண சபைத் தேர்தல். 2017 இல் ஒரு திருத்தச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. மாகாண சபை வேட்பாளர் பட்டியல்களில் பெண்களுக்கு 30 சதவீத இடம் கொடுப்பதே அதன் நோக்கமாக இருந்தது. ஆனால் குழுநிலையில், அதாவது வாசகங்களை ஒவ்வொன்றாகத் திருத்தும் கட்டத்தில், தேர்தல் முறையையே மாற்றும் பெரிய திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. அரைவாசி உறுப்பினர் தொகுதி வழியாகவும் அரைவாசி விகிதாசாரப்படியும் தெரிவாக வேண்டும் என்றாயிற்று. செப்டெம்பர் 20 ஆம் திகதி 159 பேர் ஆதரித்தும் 37 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, அது நிறைவேறியது. சட்டமூலத்தின் தலைப்பை மட்டும் பார்த்தவருக்கு உள்ளே நடந்த மாற்றம் தெரிந்திருக்காது.

புதிய முறைக்குத் தொகுதிகளைப் பிரிக்க வேண்டும். அந்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 இல் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை போய்விட்டது, புதிய முறைக்கு எல்லை இல்லை. 2017 செப்டெம்பர் 30 இல் காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு அதன் பின்னர் பல வருடங்களாகத் தேர்தல் நடக்கவில்லை. விவசாய விரிவாக்கம், மாகாண வீதி, பாடசாலை பற்றி நாம் போய்க் கேட்கத் தெரிவான உறுப்பினர் இல்லாமற் போனது இந்த இரண்டு வாக்கெடுப்புகளாலும்தான். ஒன்றை மட்டும் பார்த்தால் காரணம் விளங்காது.

எப்படிப் பார்ப்பது?

1. சட்டத்தின் பெயர், இலக்கம், திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டமூலத்தை அல்ல, நிறைவேறிய சட்டத்தையே வாசியுங்கள்.

2. பெயர் குறித்து வாக்கெடுப்பு நடந்ததா என்று பாருங்கள். நடந்திருந்தால் பெயர்கள் ஹன்சாட்டில் இருக்கும். குரல் வாக்கால் நிறைவேறியிருந்தால் யார் எந்தப் பக்கம் என்ற பதிவு இராது.

3. மொத்த உறுப்பினர் 225 பேர். திருகோணமலை மாவட்டத்துக்கு நால்வர். இவர்களின் பெயர்களை ஆதரவு, எதிர்ப்பு என்ற இரு பட்டியல்களிலும் தேடுங்கள். இரண்டிலும் இல்லாவிட்டால் அதையும் எழுதுங்கள். மூன்றில் இரண்டு தேவைப்படும் சட்டத்துக்கு 150 வாக்கு வேண்டும். அங்கே வராமலிருப்பதும் ஒரு செயலே.

4. சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் எது, முடியும் நாள் எது என்று பாருங்கள். இதுவே நமக்கு மிக முக்கியம்.

5. கூட்டத்தொடர் முடிவுற்றாலும் முடியாத அலுவல்களை அடுத்த தொடரில் தொடரலாம். பாராளுமன்றம் கலைக்கப்பட்டால்தான் அவை அற்றுப்போகும்.

ஹன்சாட்டும் சட்டங்களும் பாராளுமன்ற இணையத்தளத்தில் உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளை கைத்தொலைபேசியில் எடுத்துத் தருவார். ஒரு சட்டம் நமது பிரதேசத்தில் எப்படி நடைமுறையாகிறது என்பதை, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்கலாம். கேட்டவருக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். சபாநாயகர் சான்றிதழ் இட்ட பின்னர் ஒரு சட்டம் செல்லுமா என்று நீதிமன்றம் ஆராய முடியாது. எதிர்க்க வேண்டியதைச் சட்டமூலம் வர்த்தமானியில் வரும்போதே எதிர்க்க வேண்டும். பின்னர் நம்மிடம் எஞ்சுவது கிடைத்த உரிமையைக் காலத்தோடு பயன்படுத்துவதும், வாக்களித்த உறுப்பினரிடம் மரியாதையோடு காரணம் கேட்பதுமே.

கலந்துரையாட:

- 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி உங்களில் எத்தனை பேர் அக்காலத்தில் அறிந்திருந்தீர்கள்? யார் மூலம்?
- உங்கள் காணி உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா? எந்தச் சட்டம் அதைத் தொடும்?
- கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் சட்டங்களுக்கென ஒரு பக்கத்தை ஒதுக்கி எழுதி வரும் பொறுப்பை யார் ஏற்பார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் எழுதப்படும் வரை இன்றைய கூட்டத்தை முடிக்க வேண்டாம்.