20 வேணும்னா 25 அச்சடிக்கணும்

செராமிக் 3டி பிரிண்டிங் எபிசோட்ல கணக்குக்கு நேரம் கிடைக்கல. எழுத்துல பார்த்தா இது இன்னும் சுலபம்.

பிளாஸ்டிக் பிரிண்டர் நின்னதும் பொருள் கையில. செராமிக் அப்படி இல்லை. அலுமினா மாதிரி நுண்தூளை, ஒளி பட்டா இறுகும் பிசினில் கலந்து, அடுக்கடுக்கா இறுக வைப்பாங்க. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து 2011-ல பிரிஞ்சு வந்த லித்தோஸ் நிறுவனத்தின் வழி இதுதான். பிரிண்டர்ல இருந்து வர்றது பிசின் பிடிச்சு வச்சிருக்கும் தூள் மட்டுமே. ஆங்கிலத்துல 'கிரீன் பாடி'. சுடாத பானையை வீட்டுப் பெரியவங்க 'பச்சை மண்'னு சொல்வாங்களே, அதே பச்சை!

கலவையில் தூள் ஏறக்குறைய பாதி, பிசின் பாதி. பிசினை எரிச்சு வெளியேத்தி, சுமார் 1600 டிகிரி செல்சியஸ்ல சுட்டா, தூள்மணிகள் பிணைஞ்சு இடைவெளி மூடும். கன அளவு பாதியாகணும்னா ஒவ்வொரு பக்கமும் 20 சதவீதம் சுருங்கணும்: 0.8 × 0.8 × 0.8 = 0.512. அப்போ 20 மி.மீ. பல்சக்கரத்துக்கு எவ்வளவு அச்சடிக்கணும்? 24-னு சொல்லத் தோணும். அது சுட்டதும் 19.2 ஆயிடும். 20-ஐ 0.8-ஆல வகுக்கணும், 25. பல் டாக்டர் வைக்கிற சிர்கோனியா கிரவுனும் பெரும்பாலும் இப்படித்தான், பெருசா கடைஞ்சு சூளையில சுருக்கினது.

சரி, அடர்த்திக்கு ஏன் இவ்வளவு பாடு? உலோகத்துல விரிசலோட நுனி கொஞ்சம் நெளிஞ்சு கொடுக்கும். செராமிக் நெளியாது, பட்டுனு உடையும். 1920-ல கிரிஃபித் கண்ணாடியை வச்சுக் காட்டினது: வலிமை, குறையோட நீளத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். குறை நாலு மடங்கு நீளமானா வலிமை பாதி. அதனால '99 சதவீத அடர்த்தி'ங்கிற விளம்பரத்தை மட்டும் நான் நம்ப மாட்டேன். மிச்சம் ஒரு சதவீதம் கண்ணுக்குத் தெரியாத துளிகளா பரவியிருக்கா, இல்ல ரெண்டு அடுக்குக்கு நடுவுல ஒரே பிளவா கிடக்கான்னு கேளுங்க. உடையறது அந்தப் பெரிய குறையிலதான்.

அந்தப் பிளவு பெரும்பாலும் பிசினை எரிக்கிறப்போ வருது. அவசரமா சூடேத்தினா வாயு வெளியே வர வழியில்லாம உள்ளேயே பிளக்கும். சுவர் தடிமனா இருந்தா இன்னும் மோசம். வீடியோல பிரிண்டர் ஓடுறதைத்தான் காட்டுவாங்க. நாள்கணக்கா மெதுவா சூடேறும் சூளையை யாரும் காட்டுறதில்லை.

இன்னொன்னு: உயரவாக்குல சுருக்கம் கொஞ்சம் மாறும். அதனால முதல்ல ஒரு சின்ன கனசதுரத்தை அச்சடிச்சு, சுட்டு, மூணு பக்கமும் தனித்தனியா அளந்துக்கணும்.