நோயாளியின் சம்மதம்

பாகலூரில் கடின நோய் கண்டால் ஓசூருக்குப் போகிறோம். அதற்கும் மிஞ்சினால் எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போகிறோம். ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள். எழுத்து இங்கிலீஷில் இருக்கும். விளக்கம் கன்னடத்தில் வரும். தமிழோ தெலுங்கோ மட்டும் அறிந்த பாட்டிக்கு இரண்டும் எட்டாது. மகன் அவளுடைய பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து வைத்துவிடுகிறான். இதைச் சம்மதம் என்று சொல்லலாமா? இவ்வாரம் இதைப் படித்தறிவோம்.

வினா: சிகிச்சை செய்ய வைத்தியருக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

விடை: நோயாளியிடமிருந்தே. பாப்பரசர் 12-ம் பத்திநாதர், 1957 நவம்பர் 24-ந் தேதி மயக்க மருந்து வைத்தியர்களுக்கு இதைப் போதித்தார். நோயாளி வெளிப்படையாகவோ குறிப்பாகவோ அனுமதி தந்தால்தான் வைத்தியர் செயலில் இறங்கலாம் என்றார். உயிர் சர்வேசுரன் தந்த கொடை. அதைக் காக்கும் கடமை முதலில் அவரவருக்கே உரியது. கடமை யாருடையதோ, தீர்மானமும் அவருடையதே.

வினா: பெற்ற தாய் மகளுக்காகச் சம்மதிக்கக் கூடாதா?

விடை: மகள் சிறு பிள்ளையானால் சம்மதிக்கலாம், வயது வந்தவளானால் கூடாது. 1995-ல் டில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றினுள் கருவி செலுத்திச் சோதிப்பதற்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கையில், வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் கேட்டுக் கருப்பையையே அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து அப்போது இல்லை. 2008 ஜனவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது: வைத்தியர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை; ஆயினும் தாயின் சம்மதம் மகளின் சம்மதமாகாது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதமுமாகாது. 25,000 ரூபாய் நஷ்டஈடு தரும்படி உத்தரவாயிற்று.

வினா: கையெழுத்திடுமுன் நோயாளி எவற்றை அறிய வேண்டும்?

விடை: என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், பெரிய ஆபத்து உண்டா, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றை அறிய வேண்டும். இவற்றைச் சொல்வது வைத்தியரின் கடமை என்று அதே தீர்ப்பு கூறுகிறது.

வினா: முதியவர்களுக்கும் மனம் தடுமாறுகிறவர்களுக்கும் தீர்மானிக்கும் சக்தி உண்டா?

விடை: முதுமையோ வியாதியோ ஒன்றே அச்சக்தியை அழித்துவிடாது. 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளிக்குப் புரியும் எளிய மொழியில் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. அவர் பேச்சாலோ சைகையாலோ பதில் தரலாம். அவருடைய முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுவதால் மட்டும் அவர் தீர்மானிக்கும் சக்தியற்றவர் ஆகிவிடமாட்டார். இது மனநோய்ச் சிகிச்சைக்கான சட்டமே. ஆனாலும் எந்த வீட்டுக்கும் நல்ல பாடம்.

வினா: நினைவிழந்தவருக்கு யார் தீர்மானிப்பது?

விடை: உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் சம்மதத்துக்காகக் காத்திராமல் வைத்தியர் காப்பாற்றலாம். மற்ற வேளைகளில் குடும்பத்தார் பேசலாம். ஆனால் அவர்கள் தங்கள் விருப்பத்தையல்ல, நோயாளி பேசக்கூடுமானால் எதைக் கேட்பாரோ அதையே சொல்லக் கடமைப்பட்டவர்கள். இதுவும் அப்பாப்பரசர் போதித்ததே.

வினா: நோயாளி வேண்டாமென்று மறுத்தால்?

விடை: உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கைக்கொள்ள நாம் கடமைப்பட்டிருக்கிறோம். தாங்கவொண்ணாத பாரம் சுமத்தும் வழிகளுக்கு அக்கடமை இல்லை. ஆகவே மறுக்கிறவரை அதட்டாதேயுங்கள். எதற்கு அஞ்சுகிறார் என்று கேளுங்கள். பல வேளைகளில் அச்சம் கத்தியைப் பற்றியதல்ல. பிள்ளைகள் தலையில் விழும் கடனைப் பற்றியது. அதைப் பேசித் தீர்த்தால் அவரே மனமுவந்து சம்மதிக்கக்கூடும்.

பிள்ளைகளே, அடுத்த முறை அப்பாவையோ ஆத்தாவையோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகையில், அவர்கள் பாஷை தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். கேட்டதைத் தங்கள் வார்த்தையில் அவர்களே திருப்பிச் சொல்லட்டும். அதன்பின் விரலில் மை தோயட்டும். தாய் தந்தையரைச் சங்கிக்கச் சொல்லும் நாலாம் கற்பனை, ஆஸ்பத்திரிக் கட்டிலருகேயும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது.