விண்ணப்பம் போட்ட பிறகு வரும் பதைப்பு

பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. இரவு பிள்ளை பிரதியை எடுத்துப் பார்க்கிறது: தகப்பன் பெயர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் சிவராசா, விண்ணப்பத்தில் சிவராஜா. அதோடு நித்திரை போய்விடுகிறது.

ஓர் எழுத்துக்காக இவ்வளவு கலங்காதேங்கோ. இடம்பெயர்ந்து திரிந்த வன்னியில் எத்தனையோ வீடுகளில் பத்திரத்துக்குப் பத்திரம் பெயர் மாறித்தான் கிடக்கிறது. கேட்டால் காட்டுவதற்குச் சத்தியக் கடதாசி ஒன்றை இப்போதே முடித்து வையுங்கோ.

உண்மையில் பார்க்க வேண்டியவை வேறு: பரீட்சைச் சுட்டெண், அடையாள அட்டை இலக்கம், பாடநெறிகளின் விருப்ப ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மாவட்டம். இசட் புள்ளியோடு சேர்ந்து இடத்தைத் தீர்மானிப்பது அதுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள். 55 வீத மாவட்டப் பங்கோடு, மேலதிக 5 வீதத்திலும் எங்கள் பிள்ளைகளுக்கு உரிமை இருக்கிறது. வீடு முழங்காவிலில், படிப்பு யாழ்ப்பாணத்து விடுதியில் என்றால் மாணவர் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை ஆறுதலாக வாசியுங்கோ. நிரந்தர வதிவிடத்தை வைத்துத்தான் மாவட்டம் பார்ப்பார்கள்.

இவற்றில் பிழை இருந்தால் அடுத்த நாளே கொழும்பு 7, வார்ட் பிளேஸில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கோ. விண்ணப்ப இலக்கம், எழுதியது எது, சரியானது எது: ஒரு பக்கம் போதும். தபால் பற்றுச்சீட்டின் மை மங்கிவிடும். கையோடு போனில் படம் எடுத்து வையுங்கோ.