பெடல் செய்யும் தம்பிக்கு



திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு கையால் கிட்டார் பெடல் செய்து விற்கப்போகிறேன் என்கிறாய். ஊர் பொருத்தமானதுதான். மாநில அரசு தொடங்கிய இந்தியாவின் முதல் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் 1973இல் இங்கேதான் பிறந்தது. அதன் தலைமையகம் இருக்கும் அதே வெள்ளையம்பலத்தில், மானவீயம் வீதியில், மாலையானால் கிட்டாரும் கையுமாகப் பிள்ளைகள் கூடுகிறார்கள். அவியல் இசைக்குழுவுக்கும் இதுதான் ஊர். 2008இல் வந்த அதன் ஆல்பத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று சம்பாதிக்கிறார்கள், பெடலும் வாங்குவார்கள். இந்தியாவில் இருந்தபடி இதை ஒரு தொழிலாகவே நடத்த முடியும் என்பதற்கு ஆதித்யா நந்த்வானாவின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் மும்பையில் இருக்கிறது.

உன்னிடம் சொல்ல ஒன்றுதான் உண்டு: சர்க்யூட்டை ஒளிக்காதே.

ஒளித்தவர் கதையைக் கேள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் பில் ஃபின்னிகன் என்பவர் 1994 முதல் ‘க்ளான் சென்டார்’ என்ற ஓவர்டிரைவ் பெடலைக் கையால் செய்துவந்தார். நிறுத்தும்வரை சுமார் 8,000 செய்திருப்பார். யாரும் பார்த்து எழுதிவிடக் கூடாதென்று போர்டின் மேல் கறுப்பு எபாக்சியை ஊற்றி மூடிவிடுவார். விட்டார்களா? எபாக்சியைச் சுரண்டியெடுத்து, ஒவ்வொரு ரெசிஸ்டராக அளந்து, வரைபடம் போட்டுவிட்டார்கள். இன்று அந்த சர்க்யூட்டில் ஒரு பெடல் போடாத கம்பெனியைத் தேடத்தான் வேண்டும். பழைய அசல் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. அது வேறு விஷயம். 2024இல் பெரிங்கர் கம்பெனி மீது ஃபின்னிகன் வழக்குப் போட்டபோதும் தகராறு பெயரையும் தோற்றத்தையும் பற்றித்தான்.

அதனால், டியூப் ஸ்கிரீமர் பெடலின் வழியில் நீ ஒன்று செய்தால் அப்படியே சொல்லி விற்றுவிடு. வாங்கியவன் நாலு ஸ்குரூவைக் கழற்றி 4558 ஐசியைப் பார்த்தால் எப்படியும் தெரிந்துவிடும். பெயரும் பெட்டியின் முகமும் உன்னுடையதாக இருக்கட்டும்.

சர்க்யூட் ஊர்ச் சொத்து என்றால் உனக்கு என்ன வேலை என்று கேட்பாய். ஃபஸ் ஃபேஸ் பெடலை எடுத்துக்கொள். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்டது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலடியில் கிடந்தது. உள்ளே இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு கன்ட்ரோல். அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகூட ஒரு மத்தியானத்தில் சால்டர் செய்துவிடும். ஆனால் ஜெர்மானியத்தில் கரன்ட் கசியும்; சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். லண்டன் குளிருக்கு அமைந்த சர்க்யூட், நம் ஊர் ஏப்ரல் மத்தியானத்தில் தகரக்கூரை மேடையில் 35 டிகிரியில் ஓடினால் என்ன ஆகும்? இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் ஏறத்தாழ 4.5 வோல்ட் நிற்க வேண்டும். அது நகர்ந்துவிடும், ஸ்வரம் நீளாமல் பாதியில் அறுந்து விழும். ஏசி அறையில் தேனாக ஒலித்த பெடலை வாங்கியவன் ‘ஏமாத்திட்டான்’ என்பான்.

உன் வேலை இங்கேதான் இருக்கிறது. வாங்கிவந்த ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் கசிவுக்கு அளந்து, தேறாததைத் தள்ளு. கலெக்டர் ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் ஒரு டிரிம்மர் வை. காலையில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை மல்டிமீட்டரை வைத்துப் பார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒருகாலத்தில் செய்த ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் பழைய ரேடியோக்களுக்குள் இன்னும் கிடக்கிறது. வெளிநாட்டு ஃபஸ் பிரியர்களும் தேடும் சரக்கு. சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பார், ஆனால் அளக்காமல் பணம் கொடுக்காதே. கெபாசிட்டர் ஜப்பானிலிருந்துதான் வரவேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். கண்ணூரில் கெல்ட்ரானே செய்கிறது. காதுக்கு வித்தியாசம் தெரிந்தால் அப்புறம் பேசுவோம்.

அடுத்தது ஈரம். ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, ஆண்டு முழுக்க உப்புக்காற்று. மலிவான ஜாக் பச்சை பூத்துவிடும், கன்ட்ரோல் கரகரக்கும். ஜாக்கிலும் சுவிட்சிலும் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதே. பெடலுக்கு 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை நெகட்டிவ். கீபோர்டு அடாப்டரைப் பிடுங்கி மாற்றிச் சொருகுகிறவன் எல்லாக் குழுவிலும் ஒருவன் இருப்பான். அவனுக்காக ஒரு டையோடு போடு.

விலை வைக்கும்போது உன் கூலியையும் சேர். ஆர்டர் குவிந்தாலும் மிரளாதே. கனெக்டிகட்டில் மைக் பியெரா செய்யும் ‘கிங் ஆஃப் டோன்’ பெடலுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவசரத்தில் அளக்காமல் அனுப்பிய ஒரு பெடல் போதும், பேர் கெட.

பழைய ரேடியோக்கள் சிலவற்றின் பின்மூடிக்குள் சர்க்யூட் வரைபடம் ஒட்டியிருக்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் பார்த்துச் சரிசெய்துவிடுவார். நீயும் அப்படியே செய். மூடிக்குள் வரைபடம், செய்த தேதி, நீ அளந்த வோல்ட், எல்லாம் இருக்கட்டும். நாகர்கோவிலிலோ கொல்லத்திலோ கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பு பெடல் செத்துப்போனால், பக்கத்து ரேடியோ கடைக்காரர் திறந்து பார்த்துப் பிழைக்கவைக்க வேண்டும். மேசைமேல் இப்போது இருக்கிற பெடலை அனுப்புமுன் அந்தக் காகிதத்தை ஒட்டிவிடு.