பிறர் கண்ணாகப் போகும் குட்டி

"நாய் நன்றியுள்ள பிராணி. அது நம் வீட்டைக் காக்கும். திருடனைக் கண்டால் குரைக்கும்." இந்த மூன்று வாக்கியங்களை எழுதாமல் நம்மில் எவரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டி வந்திருக்க மாட்டோம். ஆனால், தோழியரே, இக்கட்டுரையில் நாம் காணப்போகும் நாய் வீட்டைக் காப்பதில்லை. கண்டவரைப் பார்த்துக் குரைத்தால் அதற்கு வேலையே கிடைக்காது. பார்வையற்ற ஒருவரைத் தெருவிலும் கடைவீதியிலும் பத்திரமாக நடத்திச் செல்லும் வழிகாட்டி நாய் அது. அந்த நாயைப் பற்றிக் கூறுவதைவிட, அதைக் குட்டியாக வாங்கி, ஓராண்டு காலம் வளர்த்து, மனதாரத் திருப்பிக் கொடுத்துவிடும் குடும்பங்களைப் பற்றியே அதிகம் கூற விரும்புகிறோம்.

கண்ணிழந்தவர்க்கும் நாய்க்கும் உள்ள உறவு பழமையானது. தோபித்து ஆகமத்தில், பார்வையிழந்த தந்தையிடம் விடைபெற்று மகன் தோபியா பயணம் புறப்படும்போது நாயும் உடன் சென்றது என்று வாசிக்கிறோம். அந்த நாய் யாருக்கும் வழி காட்டவில்லை. சும்மா கூடப் போயிற்று, அவ்வளவுதான். நாயை முறையாகப் பழக்கலாம் என்று 1819இல் வியன்னா நகரில் யோகான் வில்கெல்ம் கிளைன் என்பவர் தம் நூலில் எழுதினார். எழுத்து செயலாவதற்கு ஏறக்குறைய நூறாண்டுகள் ஆயின. முதல் உலகப் போரில் நச்சுப்புகையாலும் குண்டுகளாலும் கண்ணிழந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பிய வேளையில்தான், 1916இல், ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் டாக்டர் கெர்ஹார்டு ஸ்டாலிங் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். தாம் வளர்த்த நாயைப் பார்வையிழந்த நோயாளி ஒருவருடன் சிறிது நேரம் விட்டுச் சென்ற அவர், திரும்பி வந்தபோது நாய் அவரைக் கவனித்துக்கொண்ட விதத்தைக் கண்டு வியந்ததாகச் சொல்வார்கள்.

ஜெர்மனியில் கண்டதை அமெரிக்க மாது டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் 1927 நவம்பரில் ஒரு வார இதழில் கட்டுரையாக எழுதினார். டென்னசி மாநிலத்தில் மாரிஸ் ஃபிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞருக்கு அவர் தந்தை அதைப் படித்துக் காட்டினார். அவர் உடனே அம்மையாருக்குக் கடிதம் எழுதி, 1928இல் சுவிட்சர்லாந்து சென்று பயிற்சி பெற்று, 'படி' என்னும் பெண் நாயுடன் திரும்பினார். நியூயார்க்கில் கார்கள் சீறிப் பாயும் அகன்ற சாலையொன்றை, நிருபர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, படியின் துணையோடு கடந்தார். அன்று அவர் அனுப்பிய தந்தியில் "வெற்றி" என்ற ஒரே சொல்தான் இருந்ததாம். அடுத்த ஆண்டே, 1929 ஜனவரியில், அங்கு 'சீயிங் ஐ' என்னும் பள்ளி தோன்றியது. இங்கிலாந்தில் 1931இல் ஜூடி, ஃபிளாஷ், ஃபாலி, மெட்டா என்ற நான்கு நாய்கள் வாலஸி என்னும் ஊரில் பயிற்சி முடித்தன. மியூரியல் குரூக், ரோசமண்ட் பாண்ட் என்ற இரு பெண்மணிகளின் முயற்சி அது. இந்த வரலாற்றில் பெண்கள் முன் நிற்பதை நம் பள்ளி மலரில் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

சீயிங் ஐ பள்ளி நாயை இலவசமாகக் கொடுப்பதில்லை. முதல் நாய்க்கு 150 டாலர், அடுத்த நாய்களுக்கு 50 டாலர் என்று 1930களில் வைத்த கட்டணமே நெடுங்காலமாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. நாயை உருவாக்க ஆகும் செலவில் இது ஒரு மூலைக்கும் காணாது. ஆயினும் "என் நாயை நான் விலை கொடுத்து வாங்கினேன்" என்று ஒருவர் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டும் என்பதற்காகவே அந்தத் தொகை. இரக்கத்துக்கும் மரியாதைக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது.

இனி, குட்டிக்கு வருவோம். பயிற்சிப் பள்ளியிலேயே பிறந்த குட்டியை அங்கேயே வளர்த்தால் என்ன? ஏன் ஒரு வீட்டுக்கு அனுப்ப வேண்டும்? இதற்கு விடை ஆராய்ச்சியில் கிடைத்தது. கலிபோர்னியாவின் சான் ரஃபேல் பள்ளிக்காகக் குட்டிகளைச் சோதித்து வந்த கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கரும், ஜான் பால் ஸ்காட் என்ற விஞ்ஞானியும் 1959இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். பன்னிரண்டு வார வயதில் சோதனைகள் முடிந்து, ஒரு வாரத்துக்குள் வீடுகளுக்குச் சென்ற குட்டிகளில் நூற்றுக்கு 90 பிற்காலத்தில் நல்ல வழிகாட்டி நாய்களாயின. மூன்று வாரத்துக்கு மேல் கூண்டிலேயே தங்கிவிட்டவற்றில் நூற்றுக்கு 30 தான் தேறின. ஒரே சோதனைதான்! சில வாரத் தாமதம் மட்டுமே வேறுபாடு. மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை குட்டியின் மனக்கதவு திறந்திருக்கிறது. அப்போது கண்ட மனிதரையும் ஓசையையும் அது பிற்காலத்தில் எளிதில் அஞ்சுவதில்லை. எனவே இன்று பெரும்பாலான பள்ளிகள் ஏழெட்டு வாரத்திலேயே குட்டியை வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த வயதில் தடுப்பூசிகள் முழுமையாகப் போட்டு முடிந்திருக்காது. வெறிநாய்க்கடிக்கான ஊசியே மூன்று மாத வயதில்தான் போடப்படுகிறது. தெருவில் இறக்கிவிட்டால் நோய் தொற்றிவிடும். வீட்டுக்குள் பூட்டி வைத்தாலோ மனக்கதவு மூடிவிடும். என்ன செய்வது? கையில் தூக்கிக்கொண்டு போவதுதான் வழி. பஸ் நிற்கும் இடம், சந்தை, மாவு மில், பள்ளி விடும் நேரத்துக் கூச்சல் எல்லாவற்றையும் குட்டி நம் தோளில் இருந்தபடியே பார்த்துவிட வேண்டும்.

வளர்ப்பு வீடு கற்றுக்கொடுக்க வேண்டியவை வித்தை ஒன்றும் அல்ல. பந்தை எடுத்து வருவதும் கை கொடுப்பதும் இந்தக் குட்டிக்குத் தேவையில்லை. பந்தைத் துரத்தும் ஆசையே பிற்காலத்தில் இடையூறு ஆகலாம். வந்தவர் மேல் தாவக்கூடாது. பூனையைக் கண்டு இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது. நாற்காலிக்கு அடியில் ஒரு மணி நேரம் சத்தமின்றிப் படுத்திருக்க வேண்டும். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் மலஜலம் கழிக்க வேண்டும். இங்கிலாந்தில் இதற்கு "பிஸி, பிஸி" என்று சொல்லிப் பழக்குகிறார்களாம்! கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், பார்வையற்றவருக்கு இது எத்தனை பெரிய உதவி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது, நம் தட்டிலிருந்து ஒரு வாய்கூடக் கொடுக்காமல் இருப்பது. மேசையில் கிடைத்துப் பழகிய நாய், நாளை ஓட்டலில் தன் எசமானரை மறந்து பக்கத்து இலையைத் தேடிப் போகும். தவிர, வெங்காயம் நாய்க்கு நஞ்சு. நம் சாம்பாரை நினைத்துப் பாருங்கள். சாக்லெட்டும், கிறிஸ்மஸ் கேக்கில் உள்ள உலர்ந்த திராட்சையும் அப்படியே. பாட்டிமார் இருக்கும் வீட்டில் இந்தச் சட்டம் எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி!

இந்த வேலையைச் சிறுவர்களும் செய்யலாம் என்பதுதான் நமக்கு இனிய செய்தி. 1942 முதலே சீயிங் ஐ பள்ளி, '4-எச்' என்னும் கிராமப்புற இளைஞர் கழகத்துப் பிள்ளைகளிடம் குட்டிகளை ஒப்படைத்து வந்தது. இங்கிலாந்தில் 1956இல் தொடங்கிய இம்முறைக்கு 'குட்டி நடத்துதல்' என்று பெயர். 1964இல் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'புளூ பீட்டர்' நிகழ்ச்சி கேட்டுக்கொண்டபடி, அந்நாட்டுச் சிறுவர் சிறுமியர் பால் புட்டிகளின் வெள்ளித்தாள் மூடிகளையெல்லாம் சேகரித்து அனுப்பினர். அதன் பயனாகக் கிடைத்த 'ஹனி' என்ற குட்டி, வழிகாட்டி நாயாகவே ஆயிற்று.

ஓராண்டு அல்லது சற்றுக் கூடுதலாக வீட்டில் வளர்ந்தபின் பள்ளி நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. அதன்பின் தேர்ந்த பயிற்சியாளர் சில மாதங்கள் பழக்குவார். தோலால் ஆன சேணத்தில் விறைப்பான கைப்பிடி ஒன்று இருக்கும். நாயின் ஒவ்வொரு அசைவும் அதன் வழியே கைக்குத் தெரியும். நாய் தன் உடம்பு நுழையும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. இதை உணர, எங்கள் வகுப்பில் ஒருத்தியின் கண்ணைத் துப்பட்டாவால் கட்டி, இன்னொருத்தியை வராந்தாவில் நடத்திச் செல்லச் சொன்னோம். முன்னே சென்றவள் தூணை ஒட்டி ஒயிலாகத் திரும்பினாள். பின்னே வந்தவளின் தோள் தூணில் இடித்தது. அடுத்து, தாழ்வாகக் கட்டியிருந்த கொடிக்கயிறு. நாய்க்கோ அது தலைக்கு மேலே எங்கோ இருக்கும் பொருள். ஆயினும் தன்னோடு வருபவரின் உயரத்தை நாய் தன் உயரமாக எண்ணிக்கொள்ளப் பழகுகிறது!

நாய் போக்குவரத்து விளக்கைப் பார்த்துச் சாலையைக் கடக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. நாயின் கண் சிவப்பையும் பச்சையையும் நம்மைப் போல் பிரித்தறிவதில்லை. வண்டிகளின் ஓசையைக் கேட்டு "போ" என்று முடிவு செய்பவர் மனிதரே. ஆனால் அவர் "போ" என்று சொன்ன பிறகும், ஒரு வண்டி வருவதைக் கண்டால் நாய் நகராது. கீழ்ப்படியாமல் நிற்பதையே பாடமாகக் கற்ற மாணவி அது! எப்போது பணிவது, எப்போது மறுப்பது என்று தெரிந்திருப்பதே அதன் கல்வியின் சிகரம். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் வணிக மையக் கோபுரத்தின் 78ஆம் மாடியிலிருந்து மைக்கேல் ஹிங்சன் என்ற பார்வையற்றவர் ரோசல் என்னும் தம் நாயுடன் படிப்படியாக இறங்கித் தப்பினார். புகையும் கூட்டமும் நெருக்கிய அந்தப் படிகளில் அது பதறவில்லை.

எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டியில் அத்தகைய குட்டியொன்றை வளர்க்க முடியுமா? நாங்கள் கூடிப் பேசினோம். கற்றுக்கொள்ள இங்கே பொருளுக்குக் குறைவில்லை. சேலத்துக்குப் போகும் பஸ்ஸின் ஹாரன், ஏற்காட்டு மலைக்கு விரையும் சுற்றுலா வண்டிகள், அடிவாரத்துக் குரங்குகள், ஆடு மாடுகள், கோயில் திருவிழா வேட்டு, தீபாவளி வெடி எல்லாம் உண்டு. குரங்கைக் கண்டும் வாய் திறவாத நாய் இலண்டனில் எதைக் கண்டும் கலங்காது! ஆனால் வெயில்? லாப்ரடார் குளிர் நாட்டு நாய். சித்திரை மாதத்துத் தார் ரோட்டில் நம் புறங்கையைச் சில விநாடிகள் வைத்துப் பார்க்க வேண்டும். நம்மால் தாங்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் வெந்துவிடும். அதிகாலையிலும் இருட்டிய பின்னும்தான் நடத்த முடியும். உண்ணித் தொல்லை வேறு.

இவையெல்லாம் சமாளிக்கக் கூடியவை. பெரிய தடை வேறிடத்தில் இருக்கிறது. நம் நாட்டில் வழிகாட்டி நாயுடன் நடப்பவர் மிக மிகச் சிலரே. பார்வையற்றோருக்குப் பெரும்பாலும் வெள்ளைக் கோலே துணை. நடைபாதை என்று ஒன்று இருந்தால்தானே நாய் அதன் ஓரத்தில் நின்று படி இருப்பதை உணர்த்த முடியும்? இருக்கும் நடைபாதையிலும் மோட்டார் சைக்கிளும் கடைச் சாமானும் நிற்கின்றன. தெரு நாய்கள் கூட்டமாகப் பாய்ந்தால், சேணம் பூட்டிய நாய் எதிர்க்கவும் கூடாது, ஓடவும் கூடாது. அதன் எசமானரோ நடப்பதைக் காண முடியாதவர். பஸ்ஸில் ஏறினால் "நாயை இறக்குங்க" என்ற குரல் எழும். அமெரிக்காவில்கூட ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் இயற்றி, 1956 வாக்கில்தான் வழிகாட்டி நாய் எங்கும் நுழையலாம் என்ற நிலை வந்தது. ஃபிராங்க் தம் படியுடன் ஊர் ஊராகச் சென்று வாதாடிப் பெற்ற உரிமை அது. இங்கே நாய்ப் பள்ளி வருவதற்கு முன்பே நடைபாதையைக் காலியாக விடுவது நம் கையில் இருக்கிறது. இன்று வெள்ளைக் கோலுடன் நடப்பவருக்கும் அது உதவும் அல்லவா?

நம் தமிழ்நாட்டு நாய்களைப் பழக்கக் கூடாதா என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. இராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால் தலையே வெளியிட்டார்கள். கர்நாடகத்து முதோல் நாய்களை 2016இல் இராணுவம் மீரட் மையத்தில் பயிற்சிக்கு எடுத்தது. ஆனால் இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வேட்டைக்கும் காவலுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஓடும் முயலைக் கண்டால் ஓடுவதும், அந்நியரை நம்பாமையும் அவற்றின் பெருமை. வழிகாட்டி நாய்க்கோ அவ்விரண்டும் குறை. மேலும் அது இரண்டு முறை கை மாற வேண்டும்: வளர்த்தவரிடமிருந்து பயிற்சியாளருக்கு, அவரிடமிருந்து பார்வையற்றவருக்கு. ஒருவரையே பற்றி நிற்கும் சுபாவம் அங்கே வேதனையாகிவிடும்.

கை மாறும் அந்த நாளைத்தான் எல்லா வளர்ப்பு வீட்டாரும் முதல் நாளிலிருந்தே எண்ணி நடுங்குகின்றனர். "எப்படி உங்களால் கொடுக்க முடிகிறது?" என்று கேட்காதவர் இல்லை. குட்டியிடம் அன்பு வைக்காமல் வளர்த்தால் பிரிவு எளிதாக இருக்குமே என்று தோன்றலாம். ஆனால் அன்பு கிடைக்காத குட்டி மனிதரை நம்பாது. நம்பாத குட்டி தேறாது. ஆகவே முழுமனத்தோடு வளர்த்தாக வேண்டும். கொடுத்த பின்னும் உறுதி இல்லை. எத்தனையோ நாய்கள் பயிற்சியில் தவறிவிடுகின்றன. வெடிச் சத்தத்துக்கு அஞ்சியது, இடுப்பெலும்பு வலுவில்லாதது, அணிலைக் கண்டால் மனம் ஓடுவது என்று காரணங்கள் பல. அப்படித் தவறியவற்றில் சில மோப்ப வேலைக்குப் போகின்றன. சில வளர்த்த வீட்டுக்கே திரும்புகின்றன. வீட்டார் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கதவைத் திறக்கின்றனர்.

தேறிய நாய் எட்டு, பத்து வயது வரை உழைக்கிறது. சேணத்துடன் அதைக் காண நேர்ந்தால் தடவிக் கொடுக்கவோ, பெயர் சொல்லி அழைக்கவோ கூடாது; அது வேலையில் இருக்கிறது. பேச வேண்டுமானால் நாயோடு வருபவரிடம் பேசலாம். வயதாகி ஓய்வு பெறும்போது, அதன் எசமானரால் வைத்துக்கொள்ள இயலாவிட்டால், முன்பு குட்டியாக வளர்த்த குடும்பத்தைப் பள்ளியினர் கேட்பதுண்டு. அப்போது, எட்டு வாரக் குட்டியைத் தோளில் சுமந்து சந்தையைக் காட்டிய சிறுமி கல்லூரி முடித்திருப்பாள். முகம் நரைத்த நாய் வாசற்படியில் நின்று, பழைய வழக்கப்படி, "உள்ளே வா" என்ற சொல்லுக்காகக் காத்திருக்கும்.