நெய்தலின் இரு பொழுதுகள்

முன்னுரை

நெய்தல் திணைக்குரிய சிறுபொழுது எற்பாடு எனக் கூறிய தொல்காப்பியர், அதற்குரிய பெரும்பொழுதைத் தனியே சுட்டவில்லை. ஆதலின் கார் முதல் முதுவேனில் ஈறாக ஆறு பருவமும் நெய்தலுக்கு உரியன என்பது உரையாசிரியர் கொள்கை. இதனை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் கூறி வருகிறோம். ஓராண்டு இவ்வாறு கூறி முடித்தபொழுது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். “ஐயா, எங்க வாப்பா கடலுக்குப் போறவங்க. கடல்ல ஆறு காலமெல்லாம் இல்லீங்க. வாடை ஒண்ணு, கச்சான் ஒண்ணு, ரெண்டே ரெண்டுதான்” என்றார். வகுப்பு நகைத்தது; நாமும் உடன் நகைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம்.

அந்நகைப்புப் பொருந்தாதது என உணர நமக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அம்மாணவர் கூறியது இலக்கணத்திற்கு மறுப்பன்று. இலக்கணத்திற்குக் கடற்கரை எழுதிய உரை. பாக் விரிகுடாவின் கரையோர மீன்பிடித் தொழிலைச் சான்றாகக் கொண்டு அவ்வுரையை ஈண்டுக் காண்போம்.

இரு கடல்களும் இரு காற்றுகளும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் நிலப்பகுதி மண்டபம் வரை கிழக்கு நோக்கி நீண்டு கடலுக்குள் செல்கிறது. அதனை அடுத்து இராமேசுவரம் தீவு கிடக்கிறது. இவ்விரண்டிற்கும் வடக்கே உள்ளது பாக் விரிகுடா. தெற்கே உள்ளது மன்னார் வளைகுடா. இப்பகுதி மீனவர் முன்னதை வடகடல் என்றும், பின்னதைத் தென்கடல் என்றும் வழங்குவர்.

ஐப்பசியில் தொடங்கித் தை வரையில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். அப்பொழுது வடகடல் கொந்தளிக்கும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. ஆதலின் காற்றின் விசை அடித்தரை வரை சென்று சேற்றைக் கிளப்பிவிடும், நீர் கலங்கிவிடும். அதே வேளையில் நிலத்தின் மறைவில் கிடக்கும் தென்கடல் ஒப்பளவில் அமைதியாக இருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை நிலை தலைகீழாகும். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசத் தென்கடல் பொங்கும்; வடகடல் அடங்கும்.

எனவே இப்பகுதி மீனவர் பலர் வாடைக்குத் தென்கடலிலும் கச்சானுக்கு வடகடலிலுமாகத் தொழிலை மாற்றிக்கொண்டனர். மண்டபத்தை ஒட்டிய கரையில் வலை இழுப்போர் ஒரு பருவம் வடகரையிலும் மறுபருவம் தென்கரையிலும் இழுத்தனர். ஆறு பருவமும் நெய்தலுக்கு உரியன என்பதன் பொருள் இப்பொழுது தெளிவாகும். பரதவர்க்குத் தொழில் ஆண்டு முழுவதும் உண்டு. அஃது ஒரே இடத்தில் இல்லை என்பதே கருத்து. உரையாசிரியர் ஆறு என்றது காலத்தை. மாணவர் இரண்டு என்றது அக்காலத்தை ஆளும் காற்றை.

காற்றின் பெயர்கள்

கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் திசைக்கு ஒன்றாக நான்கு காற்றுகளை இலக்கியம் வழி நாம் அறிவோம். வாடை என்றதும் நம் மாணவர்க்குத் தலைவனைப் பிரிந்த தலைவியின் துயரமே நினைவுக்கு வரும். மீனவர் இல்லத்திலோ, அச்சொல் அடுப்பு எரியுமா, எரியாதா என்பதைக் குறிக்கும். தெற்கிலிருந்து வீசும் காற்றைச் சோழகம் என்பர். இது நிகண்டுகளில் இடம்பெற்ற சொல், நகரத்தார் நாவில் இன்று இல்லை, கரையில் வாழ்கிறது.

காற்றைப் போன்றே கடலின் நீரோட்டத்திற்கும் பெயருண்டு. அதனை நீவாடு என்பர். வாடைப் பருவத்தில் நம் கிழக்குக் கரையோர நீரோட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே செல்லும்; கச்சான் பருவத்தில் தெற்கிலிருந்து வடக்கே திரும்பும். முன்னதை வாநீவாடு என்றும், பின்னதைச் சோநீவாடு என்றும் தென்கடல் பரதவர் குறிப்பர். காற்றின் பெயரை நீரின் பெயரோடு இணைத்து ஆண்டின் பாதியை ஒரு சொல்லில் அடக்கிய இம்மரபு வியத்தற்குரியது.

வலையும் மீனும்

பருவம் மாறினால் வலையும் மாறும். கடல் அடங்கிய நாட்களில் கரைவலை இழுப்பர். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, படகில் சென்று வலையை அரைவட்டமாக இறக்கி, மறுமுனையைச் சற்றுத் தொலைவில் கரை சேர்ப்பர். பின்பு இரு சாராரும் இழுத்தவாறே ஒருவரையொருவர் நெருங்குவர். இறுதியில் மீன் நிறைந்த மடி கரையேறும். அலை மிகுந்தால் இவ்வலை பயன்படாது.

பாக் விரிகுடாவின் அடித்தரையில் கடற்புல் பரந்து வளர்கிறது. அங்கு ஓரா மீன் மேயும். நண்டும் இறாலும் வளரும். அதே புல்லைத் தின்று வாழும் கடற்பசுவை மீனவர் ஆவுளியா என்பர். அதற்கெனத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு பாதுகாப்பகத்தைத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. காரல், சூடை, முரல், மடவை, நெத்திலி என ஏழை வீட்டுக் குழம்பிற்கு வரும் மீன்களும் இவ்வாழமற்ற கடலின் கொடையே.

வலை இறக்காத நாட்கள்

மீன்பிடித்தலை அறிந்தோர், பிடியாதிருத்தலையும் அறிந்திருந்தனர். முழுநிலா நாளில் பரதவர் கடலுக்குச் செல்லாது சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடி மகிழ்ந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பது இன்றைய மீனவரும் கூறும் காரணம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவிற்காக முஸ்லிம் மீனவரும், ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்காகக் கிறித்தவ மீனவரும் வலையை உலர்த்துவது இம்மரபின் தொடர்ச்சி எனலாம்.

திருக்குர்ஆனின் பதினாறாம் அத்தியாயமாகிய அந்நஹ்ல், கடலை மனிதர்க்கு வசப்படுத்தி அதிலிருந்து புதிய உணவை உண்ணச் செய்ததை இறைவனின் அருட்கொடைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஏழாம் அத்தியாயமாகிய அல் அஃராஃபோ, கடலோர ஊர் ஒன்றின் மக்களை நினைவூட்டுகிறது. ஓய்வு நாளில் மீன்கள் அவர்கள் கண்முன்னே மிகுதியாக வந்தன. பிற நாட்களில் வரவில்லை. அது சோதனை என உணராது அவர்கள் வரம்பு மீறினர். கொடை ஓரிடத்திலும் வரம்பு மற்றோரிடத்திலும் கூறப்பட்டிருப்பினும், கடலைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள்.

மாறிய காலம்

விசைப்படகும் இழுவலையும் வந்தபின் காற்றுக்குக் காத்திருக்கும் நிலை குறைந்தது. ஆழமற்ற விரிகுடாவில் இழுவலை அடித்தரையை வழித்துச் செல்லும். கடற்புல்லும் மீன்குஞ்சும் ஒருங்கே அழியும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கியது. 2001 முதல் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 45 நாள் தடை விதிக்கப்பட்டது. 2017இல் அது ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் இனம்பெருக இடமளிப்பதே தடையின் நோக்கம். முன்பு மனம் விதித்த வரம்பை இன்று அரசு விதிக்க வேண்டியுள்ளது.

ஆயினும் காற்று தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2018 நவம்பர் 16இல் வேதாரணியத்தை ஒட்டிக் கரைகடந்த கஜா புயலும் வாடைப் பருவத்தில் வந்தவையே. வாடையை அஞ்சுக என்று முன்னோர் கூறியது வெற்றச்சமன்று.

முடிவுரை

வகுப்பில் எழுந்து பேசிய அம்மாணவர் பட்டம் பெற்று வளைகுடா நாடொன்றிற்குப் பணிக்குச் சென்றுவிட்டார். அதன்பின் ஒரு விடுமுறையில் நாம் அவரது ஊருக்குச் சென்று அவருடைய தந்தையாரைக் கண்டோம். திண்ணையில் வலை பொத்தியவாறே அவர் காற்று, நீவாடு, மீன், வலை ஆகியவற்றின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். “இதையெல்லாமா காலேஜ்ல படிக்கிறீங்க?” என்று அவர் வியந்தார். பாதியில் அஸருக்கு பாங்கு ஒலித்தது. மீதியை மறுமுறை சொல்வதாகக் கூறி எழுந்தார். மறுமுறை நாம் சென்றபொழுது அவர் வஃபாத்தாகியிருந்தார். குறிப்பேட்டின் பிற்பகுதி வெறுமையாகவே உள்ளது.

கடலோர ஊர்களிலிருந்து வந்து பயிலும் மாணவ மாணவியர்க்கு நாம் கூற விழைவது இதுவே. உங்கள் இல்லத்து மொழி கொச்சையன்று. அதனை வகுப்பில் சொல்ல நாணாதீர்கள். அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் உங்கள் வாப்பாவிடமோ, அப்பாவிடமோ, பாட்டனாரிடமோ அமருங்கள். காற்றின் பெயரைக் கேளுங்கள். வலை இறக்கும் நாளையும் இறக்காத நாளையும் கேளுங்கள். காலமறிதல் என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் மொழியைக் கற்கும் நாம், காலமறிந்து கேட்கவும் கற்றாக வேண்டும். ஆசிரியராகிய எமக்கும் ஒரு கடமை உண்டு. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தால், இனி நாம் நகைக்க மாட்டோம், எழுதிக்கொள்வோம்.